ஒர்லாண்டோவில் வீடு, டர்பனில் குடித்தனம்: உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா?

தென்னாப்பிரிக்காவில் வசித்துக்கொண்டு வெளிநாட்டில் இரண்டாவது வீடு வைத்திருக்கும் நம் வாசகர்கள் பலர் இந்த மாதம் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்: வீட்டுக்குச் சொந்தக்காரர் என்றால் அந்த ஊர்க்காரருக்கான பூங்கா டிக்கெட் கிடைக்குமா? டிசம்பர் விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. செய்ய வேண்டியதை இப்போதே தொடங்கினால் முடித்துவிடலாம்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: புளோரிடாவில் ஒர்லாண்டோ பக்கத்துக் கிஸிம்மியில் வீடு வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. வருஷத்தில் ஐந்து வாரம் போய் இருப்போம். மற்ற நாளில் ஒரு நிர்வாகக் கம்பெனி அதை வாடகைக்கு விடுகிறது. டிசம்பரில் நான், மனைவி, 22 வயது மகன், 14 வயது மகள், என் அம்மா எல்லோரும் போகிறோம். டிஸ்னியில் புளோரிடாவாசிகளுக்கான டிக்கெட் எங்களுக்குக் கிடைக்குமா? வீட்டுப் பத்திரத்தைக் காட்டினால் போதுமா?

பத்திரம் போதாது. அது நீங்கள் வீடு வாங்கிய நாளைத்தான் சொல்லும், இன்றைய நிலையைச் சொல்லாது. கவுண்டரில் இருப்பவர் மூன்றைப் பார்ப்பார்: உங்கள் பெயர், புளோரிடா விலாசம், அண்மைத் தேதி. இந்த மூன்றும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

புளோரிடா ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ வைத்திருப்பவருக்கு வேறு எதுவும் தேவையில்லை. அவை இல்லாதவர் புகைப்பட அடையாளத்தோடு (உங்களுக்குப் பாஸ்போர்ட்) இன்னொரு தாளும் காட்டலாம் என்று டிஸ்னியின் விதி சொல்கிறது. மின்சாரம், தண்ணீர் போன்ற சேவைகளின் பில், வீட்டுக் கடன் மாத அறிக்கை, வீட்டுக் காப்பீட்டு பாலிசி அல்லது அதன் பில், வண்டிப் பதிவு அல்லது வண்டிக் காப்பீடு, வங்கியிலிருந்தோ அரசு அலுவலகத்திலிருந்தோ வந்த கடிதம் இவற்றில் ஒன்று போதும். ஆனால் அதன் தேதி கடந்த இரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் வங்கிக்குப் போனால் ஃபிகா என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புச் சட்டத்துக்காக மூன்று மாதத்துக்குட்பட்ட லைட்-தண்ணி பில் கேட்பார்கள், அந்தப் பழக்கத்தில் மூன்று மாத பில்லோடு போய் நிற்காதீர்கள். அங்கே கணக்கு இரண்டு மாதம்.

உங்கள் விஷயத்தில் முதல் சிக்கல் நிர்வாகக் கம்பெனி. வாடகைக்கு விடும் வீடுகளில் பெரும்பாலும் மின்சாரக் கணக்கு கம்பெனி பெயரில் ஓடும், அவர்கள் கட்டிவிட்டு மாதக் கணக்கில் உங்களிடம் கழித்துக்கொள்வார்கள். அந்த பில்லில் உங்கள் பெயரே இருக்காது. கம்பெனி அனுப்பும் மாத அறிக்கையும் இந்தப் பட்டியலில் வராது. ஆகவே மின்சாரத்தையோ தண்ணீரையோ, ஒன்றையாவது உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கிஸிம்மியில் மின்சாரம் கிஸிம்மி யூட்டிலிட்டி அத்தாரிட்டியிடமிருந்து வரலாம், டேவன்போர்ட் பக்கம் ட்யூக் எனர்ஜியாக இருக்கலாம். கிஸிம்மி இருக்கும் ஒசியோலா மாவட்டத்தில் தண்ணீர் பெரும்பாலும் டோஹோ என்ற நீர் வாரியம். அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவரிடம் பாஸ்போர்ட் நகலும் முன்பணமும் கேட்பது வழக்கம். பெயர் மாறி முதல் பில் வர ஒரு பில்லிங் சுற்று ஆகும். டிசம்பர் நடுவில் இறங்குகிறவர் செப்டம்பரிலேயே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

பெயர் மாற்றும்போதே மனைவி பெயரையும் இரண்டாவது கணக்குதாரராகச் சேர்த்துவிடுங்கள். 18 வயது ஆன ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சான்று காட்ட வேண்டும். கணவர் பில்லை மனைவி காட்ட முடியாது. இரண்டு பெயர் ஒரே பில்லில் அச்சாக இடமில்லை என்றால் மின்சாரம் ஒருவர் பெயரிலும் தண்ணீர் மற்றவர் பெயரிலும் இருக்கட்டும்.

இன்னொன்று, பில்லைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். மேலே உறையின் கண்ணாடிக்கு நேராக ஒரு விலாசம் இருக்கும், அது தபால் விலாசம். கீழே, மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் சேவை விலாசம் இருக்கும். பில் டர்பனுக்கு வர வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் மேலே பெரிதாகச் சாட்ஸ்வொர்த் விலாசம்தான் தெரியும். கவுண்டரில் இருப்பவர் பார்வை முதலில் அங்கேதான் போகும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். தபால் விலாசத்தையும் கிஸிம்மி வீட்டுக்கே மாற்றிவிட்டு, பில்லை மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததை முழுப் பக்கமாக அச்சிட்டு எடுத்துப் போங்கள். கைப்பேசித் திரையை நம்ப வேண்டாம். தபால்பெட்டி எண் விலாசமும் செல்லாது.

மகளுக்கு 14 வயது, உங்களோடு வரலாம், தனிச் சான்று தேவையில்லை. மகனுக்கு 22. அவர் பெயரில் அந்த விலாசத்துக்கு எதுவும் இல்லையென்றால் அவருக்குச் சாதாரண டிக்கெட்தான். அம்மாவுக்கும் அப்படியே. சலுகை வீட்டுக்கு அல்ல, ஆளுக்கு. இருவருக்கும் உள்ளூர் டிக்கெட்டை இணையத்தில் வாங்கிவிட்டு வாசலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். சான்று காட்டாமல் அந்த டிக்கெட் வேலை செய்யாது. வித்தியாசத்தைக் கட்டிச் சாதாரண டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள், பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். காலை எட்டு மணிக்கு வெயிலில் அம்மாவை நிற்க வைத்து அந்தப் பேச்சு வேண்டாம்.

அதே காரணத்துக்காக, முதல் நாள் மாலையே டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைத்தெருவில் இருக்கும் விருந்தினர் சேவை கவுண்டருக்குப் போய்ச் சான்று காட்டி டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. தாளில் ஏதாவது குறை இருந்தாலும் வீட்டுக்குப் போய் வேறொன்றை எடுத்துவர இரவு முழுக்க நேரம் இருக்கிறது.

பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகி: எங்களிடம் வீட்டுக் காப்பீடும் இருக்கிறது, மாவட்ட வீட்டு வரி ரசீதும் இருக்கிறது. இரண்டுமே அரசும் கம்பெனியும் கொடுத்த தாள்கள். ஆனாலும் போன தடவை ஏற்கவில்லை. ஏன்?

தேதியைப் பாருங்கள். காப்பீட்டு பாலிசி வருஷத்துக்கு ஒரு முறை வருவது. மார்ச்சில் எடுத்தது டிசம்பரிலும் நடப்பில் இருக்கும், ஆனால் தாளில் இருப்பது மார்ச் தேதி. நடப்பில் இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதில்லை, எப்போது அச்சானது என்றுதான் கேட்கிறார்கள்.

வரி விஷயம் கொஞ்சம் சுவையானது. புளோரிடாவில் வீட்டு வரி பில் நவம்பர் 1 ஒட்டி வரும். நவம்பரில் கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி, டிசம்பரில் 3, ஜனவரியில் 2, பிப்ரவரியில் 1. மார்ச் 31-க்குள் கட்டியாக வேண்டும். மாவட்ட அலுவலகக் கடிதம் என்ற முறையில் அந்த பில் டிசம்பர் கடைசி வரை சான்றாக உதவும். ஜனவரி இரண்டாம் வாரத்தில் அதே பில்லோடு போனால் இரண்டு மாதம் தாண்டிவிட்டது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். ஆகஸ்டில் உத்தேச வரி அறிவிப்பு என்று இன்னொரு தாள் வரும், அது செப்டம்பர், அக்டோபர் பயணத்துக்கு உதவும். மற்ற மாதங்களுக்கு மாதாமாதம் வரும் பில்தான் துணை.

டோங்காட் வாசகி: பாஸ்போர்ட்டில் என் பெயர் நீளமாக, கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு இருக்கிறது. புளோரிடா பில்லில் எல்லோரும் கூப்பிடும் சின்னப் பெயரும் கணவரின் குடும்பப் பெயரும் இருக்கிறது. சிக்கலா?

சிக்கல்தான், அதுவும் நம் ஆட்களுக்கு அடிக்கடி வருவது. பாஸ்போர்ட்டில் சரோஜினிதேவி, பில்லில் சரோ. பாஸ்போர்ட்டில் பிள்ளை, பில்லில் நாயக்கர். கவுண்டரில் இருப்பவருக்கு நம் பெயர்கள் பழக்கமில்லை. இரண்டும் ஒரே ஆள் என்று ஊகிக்கும் கடமையும் அவருக்கு இல்லை. முதல் பெயரும் குடும்பப் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பில்லில் இருக்க வேண்டும். மின்சாரக் கம்பெனியைக் கூப்பிட்டுத் திருத்துவதே எளிது. திருமணச் சான்றிதழின் நகலைக் கூடவே வைத்திருப்பதில் தவறில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வீட்டை எல்.எல்.சி. (பொறுப்பு வரையறுத்த கம்பெனி) அல்லது குடும்ப டிரஸ்ட் பெயரில் வாங்கியவர்களும் இதையே கவனிக்க வேண்டும். பில்லில் கம்பெனி பெயர் இருந்தால் அது கம்பெனியின் விலாசம், உங்களுடையது அல்ல. உடைமை கம்பெனியில் இருக்கட்டும், சேவைக் கணக்கை மட்டும் தனியாள் பெயரில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

லெனேஷியா வாசகர்: அங்கே வீடு வாங்கித் தந்த தரகர் ஒரு யோசனை சொன்னார். புளோரிடா ஓட்டுநர் உரிமம் எடு, ஹோம்ஸ்டெட் வரிச் சலுகைக்கு எழுதிக் கொடு, வாக்காளர் பதிவும் செய்துவிடு, அப்புறம் எல்லாப் பூங்காவும் உன்னை உள்ளூர்க்காரன் என்று ஏற்கும் என்கிறார். செய்யலாமா?

வேண்டாம், ஐயா. டிக்கெட்டில் மிச்சமாகும் நூறு இருநூறு டாலருக்காக உங்கள் அமெரிக்க விசாவையே பணயம் வைக்கச் சொல்கிறார் அவர்.

சில பூங்காக்கள் வாக்காளர் பதிவு அட்டையையும் சான்றாக ஏற்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்த அட்டை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் உரியது. குடியுரிமை இல்லாதவர் குடிமகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது குற்றம், நாடு கடத்தவும் காரணமாகும். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வேறு காரியத்துக்காக உட்கார்ந்திருக்கும்போதுகூட, வாக்காளராகப் பதிய விரும்புகிறீர்களா என்ற கேள்வி வரும். இல்லை என்று சொல்லுங்கள். மற்ற கேள்விகளுக்கு ஆம் என்று சொல்லிச் சொல்லி அந்த வேகத்தில் இதற்கும் ஆம் என்று சொல்லிவிடுவதுதான் ஆபத்து.

ஹோம்ஸ்டெட் என்பது ஜனவரி 1 அன்று அந்த வீட்டையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவருக்கான வரிச் சலுகை. மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டில் பி-2 சுற்றுலா விசாவோடு போகிறவர் நிரந்தரவாசி என்று சொல்ல வழியே இல்லை. விசாவுக்காக நேர்காணலில், ஊர் திரும்பிவிடுவேன், வீடும் தொழிலும் டர்பனில் என்று சொல்லிவிட்டு, அங்கே மாவட்ட அலுவலகத்தில் இதுவே என் நிரந்தர வீடு என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய். தகுதியில்லாமல் ஹோம்ஸ்டெட் வாங்கியது தெரிந்தால் பத்து வருஷம் வரை பின்னோக்கி வரி, அதன் மேல் 50 சதவீதம் அபராதம், வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. அந்தத் தொகையை வீட்டின் மேலேயே கடன் பொறுப்பாக ஏற்றிவிடுவார்கள்.

ஓட்டுநர் உரிமம் தன்னளவில் தவறில்லை. ஆனால் தற்காலிகமாகத் தங்குபவருக்கு அது அனுமதிக்கப்பட்ட தங்கல் காலத்தை ஒட்டியே கிடைக்கும். நம் தென்னாப்பிரிக்க உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலாவில் வண்டி ஓட்ட அதுவே போதும். பூங்கா டிக்கெட்டுக்காக மட்டும் அந்த அலுவலகத்தில் ஒரு நாளைக் கழிக்க வேண்டியதில்லை. மின்சார பில் அந்த வேலையைச் செய்துவிடும். யாராவது கேட்டால், இது எங்கள் இரண்டாவது வீடு என்று நேராகச் சொல்லுங்கள். பூங்கா கேட்டிருப்பது தாளை. நீங்கள் காட்டுவது உண்மையான தாள். மறைக்க எதுவும் இல்லை.

யுனிவர்சல், லெகோலேண்ட் போன்றவற்றுக்கு அவரவர் பட்டியல் வேறு. டிஸ்னியில் ஏற்ற பில்லை இன்னொரு வாசலில் மறுத்தால் விவாதிக்க முடியாது. வாங்கும் முன் அந்தந்தப் பூங்காவின் பட்டியலைத் தனியாகப் படியுங்கள்.

டர்பன் ஃபீனிக்ஸ் வாசகர்: சாதாரண டிக்கெட் வாங்குவதா, புளோரிடாவாசிகளுக்கான வருஷ பாஸ் எடுப்பதா?

டிஸ்னியில் வருஷ பாஸ்கள் நான்கு வகை. பிக்ஸி டஸ்ட், பைரேட் இரண்டும் புளோரிடாவாசிகளுக்கு மட்டும். சோர்சரர் பாஸ் புளோரிடாவாசிகளுக்கும், டிஸ்னியின் விடுமுறை இல்லப் பங்குத் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின் உறுப்பினர்களுக்கும். இன்க்ரெடி பாஸ் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 2021 செப்டம்பரில் இவை வந்தபோது வரி தவிர்த்து 399, 699, 899, 1,299 டாலர். அதற்குப் பிறகு எல்லாம் ஏறிவிட்டன, ஆனால் படிக்கட்டு அதே மாதிரிதான்.

விலையைப் பார்த்துப் பிக்ஸி டஸ்ட்டில் கை வைக்காதீர்கள். அது வார நாட்களுக்கானது, பெரிய விடுமுறை நாட்கள் எல்லாம் அடைப்பு, அன்று பாஸ் செல்லாது. நம் பள்ளி விடுமுறை டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடு வரை. அந்தப் பாஸ் மிகவும் இறுக்கமாக இருக்கும் காலமும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஒட்டிய இதே வாரங்கள்தான். பைரேட்டும் அந்த வாரங்களில் அடைபடும். சோர்சரரிலும் கிறிஸ்துமஸ் ஒட்டிச் சில நாட்கள் போகும். பள்ளிப் பிள்ளைகளோடு டிசம்பரில் மட்டும் போகிற குடும்பத்துக்கு மலிவான பாஸால் பயனே இல்லை. ஓய்வுபெற்ற தம்பதி, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் சில வாரம் தங்குகிறவர்கள் என்றால் அதே பாஸ் நல்ல லாபம். அடைப்பு நாட்காட்டியை உங்கள் விமான டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புளோரிடாவாசிகளுக்கான மூன்று நாள், நான்கு நாள் டிக்கெட்டுகள் சில மாதங்களில் மட்டும் விற்பனைக்கு வரும், குறிப்பிட்ட தேதிக்குள் பயன்படுத்த வேண்டும். நமக்கு ஜூன்-ஜூலை குளிர்கால விடுமுறை அங்கே கோடை. அந்தக் காலத்தில் வரும் சலுகையைத் தேடிப் பாருங்கள். ஒரு நாள் டிக்கெட்டில் பெரிய மிச்சம் எதிர்பார்க்க வேண்டாம். எந்த விலையானாலும் அதன் மேல் 6.5 சதவீத விற்பனை வரி உண்டு. மூன்று வயதுக்குக் கீழே இலவசம், 3 முதல் 9 வரை சிறுவர் கட்டணம்.

டர்பன் வாசகி: எங்களுடையது சொந்த வீடு இல்லை, டைம்ஷேர், பலரோடு பங்குபோட்டது. வருஷம் ஒரு வாரம். பராமரிப்புக் கட்டண பில் என் பெயரில் வருகிறது.

அது சேவை பில் அல்ல, டர்பனுக்குத்தான் வருகிறது, ஆகாது. உங்கள் டைம்ஷேர் டிஸ்னி வெக்கேஷன் கிளப்பாக இருந்தால் மட்டும், மேலே சொன்ன சோர்சரர் பாஸ் புளோரிடா விலாசம் இல்லாமலேயே கிடைக்கலாம். தகுதியுள்ள உறுப்பினர்தானா என்று கிளப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உம்ஹ்லாங்கா வாசகர்: உள்ளூர் டிக்கெட் வாங்கினால் அமெரிக்க வரித்துறை என்னை அந்த நாட்டுவாசி என்று எடுத்துக்கொள்ளுமா?

டிக்கெட்டால் அல்ல, நாட்களால். இந்த வருஷம் இருந்த நாட்கள் முழுதாக, போன வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருஷத்தில் ஆறில் ஒரு பங்கு. கூட்டினால் 183 வந்து, இந்த வருஷம் குறைந்தது 31 நாளும் இருந்திருந்தால் வரிக்கு நீங்கள் அங்கே வசிப்பவர். மூன்று வருஷமும் 120 நாள் இருந்தால் 120, 40, 20, ஆக 180, தப்பித்தீர்கள். 122 நாள் என்றால் சரியாக 183. கூட்டல் தாண்டினாலும், இந்த வருஷம் மட்டும் 183 நாளுக்குக் குறைவாக இருந்து, குடும்பமும் தொழிலும் தென்னாப்பிரிக்காவில் என்று காட்ட முடிந்தால் 8840 என்ற படிவம் இருக்கிறது. அதைக் கணக்காளரிடம் விடுங்கள்.

பாலிட்டோ வாசகர்: மொரிஷியஸில் வில்லா வாங்கியிருக்கிறோம். அங்கே காசேலா இயற்கைப் பூங்காவில் மொரிஷியஸ்வாசிகளுக்குக் குறைந்த கட்டணம் என்று கேள்விப்பட்டோம்.

இங்கே மின்சார பில் பேச்சே வேண்டாம். மொரிஷியஸில் கேட்பது நீங்கள் சட்டப்படி வசிப்பவரா என்பதைத்தான். வெளிநாட்டவருக்கு அனுமதிக்கப்பட்ட திட்டங்களில் 3,75,000 அமெரிக்க டாலருக்குக் குறையாமல் வாங்கினால் வீடு உங்கள் கையில் இருக்கும் வரை வசிப்பு அனுமதிக்குத் தகுதி உண்டு. அதற்குக் குறைந்த விலை அடுக்ககத்தை வாங்கியவர் வீட்டுக்குச் சொந்தக்காரர்தான், ஆனால் சுற்றுலாப் பயணியாகவே வந்து போகிறார். வில்லா அந்த விலைக்கு மேல் என்றால், அனுமதிக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். அனுமதி தாளைப் பயணத்தில் எடுத்துச் செல்லுங்கள், வில்லாவின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் பூங்கா வாசலில் நிற்காதீர்கள். தைப்பூசக் காவடி அங்கே பொது விடுமுறை. கோவிலுக்கென்று போகிறவர்கள் பூங்காவை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டர்பன் வாசகர்: இதற்கு நேர்மாறான கேள்வி. என் அண்ணன் மொரிஷியஸ் குடிமகன், பாலிட்டோவில் ஒரு பிளாட் வைத்திருக்கிறார். முனிசிபாலிட்டி வரி ஒழுங்காகக் கட்டுகிறார். க்ரூகர் தேசியப் பூங்காவில் அவருக்கு நம் கட்டணம் உண்டா? அவர் மனைவி ரீயூனியன்காரர், பிரெஞ்சு பாஸ்போர்ட்.

அண்ணனுக்கு நம் கட்டணம் இல்லை. நம் தேசியப் பூங்காக்கள் தென்னாப்பிரிக்க அடையாள அட்டையைத்தான் பார்க்கின்றன. வரி ரசீதைக் காட்டிப் பயனில்லை. ஆனால் மொரிஷியஸ், சாடெக் என்ற ஆப்பிரிக்கத் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பில் ஒன்று. சாடெக் பாஸ்போர்ட்காரருக்கு நடுத்தரக் கட்டணம், வெளிநாட்டவர் கட்டணத்தில் சுமார் பாதி. முன்பதிவு செய்யும்போதே சாடெக் என்று குறிக்கச் சொல்லுங்கள், வாசலில் பாஸ்போர்ட்டையே காட்டச் சொல்லுங்கள். காட்டத் தவறினால் வெளிநாட்டவர் கட்டணம் போட்டுவிடுவார்கள். அண்ணிக்கு அந்தச் சலுகை இல்லை. ரீயூனியன் பக்கத்துத் தீவானாலும் அது பிரான்ஸ், சாடெக் அல்ல. க்ரூகரில் இயற்கைப் பாதுகாப்புக்கான நுழைவுக் கட்டணம் நாள் கணக்கில், தலைக்குத் தலை ஏறும். ஐந்தாறு நாள் தங்குவதாக இருந்தால் பூங்காக்களில் 365 நாள் செல்லும் நுழைவு அட்டையான வைல்ட் கார்டின் விலையை அந்த மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அண்ணிக்கு வெளிநாட்டவர் கார்டின் விலையைத் தனியாகக் கேளுங்கள். அண்ணன் என்றாவது இங்கே நிரந்தர வசிப்பு உரிமை வாங்கி அடையாள அட்டை எடுத்தால், அன்றிலிருந்து அவருக்கும் நம் கட்டணம்தான்.